உங்கள் வீட்டிலிருந்து முதல் கொண்டை ஊசி வளைவு எத்தனை கிலோமீட்டர்?

அக்கா பையன் சென்னையில் வேலை பார்க்கிறான். போன மாதம் போனில் கூப்பிட்டு, "மாமா, பழைய ஹிமாலயன் எடுக்கறதா, புதுசு எடுக்கறதாங்க?" என்றான். இருக்கிற யூடியூப் வீடியோ எல்லாம் பார்த்து முடித்திருக்கிறான். எக்செல் ஷீட் வேறு போட்டு வைத்திருக்கிறான். இன்ஜின், எடை, விலை, மைலேஜ் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டதில் புது வண்டி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டதாம். அப்புறம் என்னிடம் எதற்குக் கேட்கிறாய் என்றால், "இல்லைங்க மாமா, நீங்க இன்னும் பழசத்தான வெச்சிருக்கீங்க" என்கிறான்.

வைத்திருக்கிறேன்தான். 2021 மாடல் 411. நண்பரின் 450-ஐயும் சில நாட்கள் வாங்கி, வால்பாறை ஏறி இறங்கி, தாராபுரம் பக்கம் வெட்டவெளியிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதிவு.

இரண்டையும் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 2016-ல் வந்தது. 411 சிசி, காற்றும் ஆயிலும் சேர்ந்து குளிர்விக்கிற இன்ஜின், ஐந்து கியர், 24 சொச்சம் பிஎச்பி. 2023 நவம்பரோடு இந்தியாவில் அதன் கதை முடிந்தது. அதே நவம்பரில் கோவாவில் நடந்த மோட்டோவர்ஸ் விழாவில் 450-க்கு விலை சொன்னார்கள். 452 சிசி, ரேடியேட்டர் வைத்த இன்ஜின், ஆறு கியர், 39.5 பிஎச்பி. முன் டயர் அளவு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான், 90/90-21. மற்றபடி இன்ஜின், சேஸிஸ், சஸ்பென்ஷன், மீட்டர் எல்லாமே வேறு. பேரில்தான் இமயமலை, இரண்டுக்கும் பிறந்த ஊர் சென்னைப் பக்கத்து ஆலைதான்.

காகிதத்தில் பார்த்தால் இது போட்டியே இல்லை. புதுசு 196 கிலோ, பழசின் பிஎஸ்6 புகைவிதி மாடல் 199 கிலோ. மூன்று கிலோ குறைந்து, பதினைந்து பிஎச்பி கூடியிருக்கிறது. பெட்ரோல் டேங்க் 15 லிட்டரிலிருந்து 17 ஆகியிருக்கிறது. முன் டிஸ்க் 300 மில்லிமீட்டரிலிருந்து 320. பிரேக் விஷயத்தில் மட்டும் வாதாடவே மாட்டேன், புதுசு பல படி மேல். எக்செல் ஷீட் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஷீட்டில் இல்லாத ஒரு கட்டத்தை நான் அவனிடம் கேட்டேன். நீ குடியிருக்கிற வீட்டு வாசலிலிருந்து முதல் கொண்டை ஊசி வளைவுக்கு எத்தனை கிலோமீட்டர்?

கொஞ்ச நேரம் யோசித்தான். சென்னையிலிருந்து மலை என்றால் ஏலகிரியை எடுத்துக்கொள்வோம். பதினான்கு வளைவு. அதைத் தொடவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நான்குவழிச் சாலையில் ஓட்டியாக வேண்டும். கொல்லிமலை என்றால் இன்னும் தூரம். நான் இருப்பது பொள்ளாச்சி. காலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் சூடு ஆறுவதற்குள் ஆழியாறு அணை வந்துவிடும். அதற்கு மேல் வால்பாறை வரைக்கும் நாற்பது வளைவுகள். என் பயணத்தில் நெடுஞ்சாலை என்பது ஊர் எல்லை மாதிரி, கடந்தால் முடிந்தது. அவன் பயணத்தில் நெடுஞ்சாலைதான் பயணமே.

இது ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள இன்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 411-ன் சிலிண்டர் அகலம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 86 மில்லிமீட்டர். அகலத்தை விட ஓட்டம் நீளம். இப்படிப்பட்ட இன்ஜின் நிதானமாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும், வேகமாகச் சுற்றச் சொன்னால் மூச்சு வாங்கும். 450-ல் அது தலைகீழ். அகலம் 84, ஓட்டம் 81.5. மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், நான்கு வால்வு. இதன் உச்ச பவர் எட்டாயிரம் ஆர்பிஎம்மில்தான் வருகிறது. எங்கள் பக்கத்து ஆள் ஒருவருக்குச் சொல்வதென்றால் ஒன்று உழவு மாடு, இன்னொன்று ரேக்ளா காளை.

வால்பாறை ரோட்டில் ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து அரசுப் பேருந்து இறங்குகிறது. மலைச் சாலை வழக்கப்படி ஏறுகிறவருக்குத்தான் வழி என்றாலும், பேருந்துக்கு முன்னால் வழக்கம் பேச முடியாது. ஓரமாக ஒதுங்கி, பேருந்தின் வால் திரும்புகிற வரைக்கும் கிட்டத்தட்ட நின்று, பிறகு அதே செங்குத்தில் வண்டியை மறுபடி நகர்த்த வேண்டும். 411-ல் இரண்டாவது கியரிலேயே, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தால், டுப் டுப் என்று ஏறிக்கொண்டு போகும். 450-ல் அந்த இடத்தில் மூவாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே விட்டால் இன்ஜின் முனகும். முதல் கியருக்கு இறங்கி, கிளட்ச்சைக் கொஞ்சம் பிடித்து விட்டால் போய்விடும். அதன் கிளட்ச் பஞ்சு மாதிரி மெதுவாக இருப்பதால் கை வலிக்காது, அதையும் சொல்லியாக வேண்டும். மூவாயிரத்தைத் தாண்டிவிட்டால் பிறகு நடப்பதே வேறு. இரண்டு வளைவுக்கு நடுவே இருக்கிற சின்ன நேர்ப்பாதையை 450 விழுங்குகிறது, அடுத்த வளைவு நாம் நினைத்ததற்கு முன்னாடியே வந்து நிற்கிறது.

அது நல்லதா கெட்டதா என்பது அவரவர் ருசி. ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனைப் பக்கம் வரையாடுகள் சாலையில் நிற்கும். ஊர் நெருங்கும்போது புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகள் குறுக்கே ஓடும். மளுக்கப்பாறை பக்கம் போனால் யானை. இந்தச் சாலையில் நாற்பது, நாற்பத்தைந்துக்கு மேல் போவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வேகத்தில் 411-ன் முழுத் திறமையும் என் கைக்குள் இருக்கிறது. 450-ல் பாதிக்கு மேல் தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்பச் சொல்லி என்னை உசுப்பிக்கொண்டும் இருக்கிறது.

இதை அப்படியே அவனிடம் சொன்னேன். "அப்ப பழசே எடுத்துக்கட்டுங்களா?" என்றான்.

வேண்டாம் என்றேன். காரணம், நெடுஞ்சாலையில் 411-ன் எல்லையை எனக்குக் காட்டிய ஆடிக் காற்று.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று ஜூன் முதல் எங்கள் ஊர்ச் சாலைகளைப் பிடித்துக்கொள்ளும். உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் கிழக்கேயிருந்து பொள்ளாச்சியைப் பார்த்து வந்தால் காற்று நேராக நெஞ்சில். 411 ஐந்தாவது கியரில் எண்பத்தைந்தில் போய்க்கொண்டிருக்கும். ஒரு மேடு வந்ததும் எழுபத்தைந்து. நான்காவதுக்கு இறங்கி முறுக்கினால் மறுபடி எண்பது. ஆக்ஸிலரேட்டர் கடைசி வரை திருகியாகிவிட்டது, இனிமேல் கேட்டாலும் தருவதற்கு வண்டியிடம் ஒன்றும் இல்லை. அதே மேட்டில் 450 ஆறாவது கியரை விட்டு இறங்கக்கூட இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பில் நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர் என்றுதான் வைத்தார்கள். எண்பதில் போக 24 பிஎச்பி தாராளம், நாற்பது எதற்கு என்று கேட்கலாம். நானே பல வருடம் அப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். ஆனால் விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வலது லேனில் ஒரு டேங்கர் லாரி எழுபதில் போகிறது, இடது லேனில் ஒரு கரும்பு டிராக்டர். பின்னால் ஆம்னி பஸ் லைட்டை அடித்துக்கொண்டு வருகிறது. அங்கே எழுபதிலிருந்து எண்பதுக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் உடம்புக்குப் பாதுகாப்பு. இந்த இடத்தில் 411-ல் முன்கூட்டியே கணக்குப் போட்டு, கியர் இறக்கி, காத்திருந்து தாண்ட வேண்டும். 450-ல் மணிக்கட்டைத் திருப்பினால் போதும். நாளெல்லாம் இப்படி ஐம்பது அறுபது முறை தாண்டுகிறவனுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாயங்காலம் தோளில் தெரியும்.

லடாக் கனவு இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், இன்ஜினுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அதே அளவில் குறையும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருந்தால் பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்து வண்டியைத் திணறாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் போன பவரைத் திருப்பித் தராது. கார்துங் லா கணவாய் 17,582 அடி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆகவே 411 அங்கே ஏறக்குறைய பன்னிரண்டு பிஎச்பி வண்டி. அதாவது ஒரு 125 சிசி பைக்கின் பலத்தோடு, இருநூறு கிலோ இரும்பையும், பின்னால் ஒருவரையும், இரண்டு பக்கப் பெட்டியையும் இழுக்கிறது. இழுத்தும் விடுகிறது, ஆயிரக்கணக்கானவர்கள் போய் வந்திருக்கிறார்கள். 450 அதே இடத்தில் இருபது பிஎச்பியோடு நிற்கும். ஊட்டி 2,240 மீட்டர்தான் என்பதால் நமக்கு இங்கே இந்த இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை.

பஞ்சரைப் பற்றிப் பேசாமல் டூரிங் வண்டியைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. 411-ல் ஸ்போக் வீல், உள்ளே டியூப். டியூப்லெஸ்ஸில் செய்வதுபோல ஆணியைப் பிடுங்கிவிட்டுப் புழு மாதிரி ரப்பர் திரியைச் சொருகி, காற்றடித்துப் போய்விட முடியாது. சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பின் சக்கரம் என்றால் ஆக்ஸில் நட்டை அவிழ்த்து, செயினை இறக்கி, டயரை ரிம்மிலிருந்து நெம்பி, டியூபை வெளியே எடுத்து ஒட்ட வேண்டும். 411-ல் மெயின் ஸ்டாண்ட் இருப்பதால் வண்டியை நிறுத்தியாவது வைக்கலாம். மலைமேல் பஞ்சர் கடை கண்ணில் படும்வரை இதை நாமேதான் செய்தாக வேண்டும். டயர் லிவர் இரண்டு, ஒரு டியூப், கைப் பம்ப், ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர் இல்லாமல் நான் ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டுவதில்லை. 450-ம் முதலில் டியூப் வீலோடுதான் வந்தது. 2024-ல் டியூப்லெஸ் ஸ்போக் வீலைக் கூடுதல் விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டால் 450-ன் மிகப்பெரிய முன்னேற்றம் அந்த நாற்பது பிஎச்பி இல்லை, இந்த வீல்தான். புதுசு எடுப்பவர் கலரில் காசைக் குறைத்துக்கொண்டாவது இதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ரிப்பேர் விஷயத்துக்கு வருவோம். எனக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் இரண்டில் எது என்று கேட்டேன். "ஏனுங்க, பழசு திறந்தா எனக்கு எல்லாம் தெரியுதுங்க. புதுசு திறக்கறதுக்கு முன்னாடி லேப்டாப்பத் திறக்கோணும்" என்றார். பாதி உண்மை. 411-ல் டேப்பட்டை ஸ்குரூவைத் திருகியே சரிசெய்யலாம். புல்லட் பார்த்துப் பழகிய கைக்கு அது அரைமணி வேலை. 450-ல் ஷிம் வைத்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிளும் கிடையாது, எல்லாம் சென்சார். ஆனால் அவர் சொல்லாத மீதிப் பாதி, 411-லும் பிஎஸ்4 முதல் இசியு என்கிற கம்ப்யூட்டர் உண்டு. அதில் ஒரு சென்சார் போனால் அவரும் ஸ்கேனரைத்தான் தேடுவார். மொத்தமாக ஸ்பேனரோடு முடிகிற வண்டி வேண்டும் என்றால் ஆரம்பகாலக் கார்புரேட்டர் பிஎஸ்3-க்குத்தான் போக வேண்டும், அதற்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

உயரம் குறைவானவர்களுக்கு ஒரு வார்த்தை. 411-ன் சீட் 800 மில்லிமீட்டர், 450-ல் 825. குறைந்த உயர சீட் தனியாக வாங்கிப் போட்டால் 805. இருபத்தைந்து மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சரிவான கல்ரோட்டில் ஒரு காலை ஊன்றி நின்றால் அது எவ்வளவு என்று கால் சொல்லும். மீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 450-ன் வட்டத் திரையில் கூகுள் மேப் வருகிறது, பதிலுக்குப் போனின் சார்ஜைக் குடிக்கிறது. 411 மீட்டரில் ஒரு திசைகாட்டி இருக்கிறது. அதைப் பார்த்து வழி கண்டுபிடித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

காசுதான் கடைசியில் பலருக்கும் முடிவைச் சொல்கிறது. 450 வந்தபோது ஷோரூம் விலை 2.69 லட்சத்தில் ஆரம்பித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியபோது 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேலே உள்ளவற்றுக்கு செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது 40 சதவீதமாக ஏறியது. அந்த ஏற்றத்தில் 450-ன் ஷோரூம் விலையே மூன்று லட்சத்தைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ். நல்ல நிலையில் இருக்கிற பிஎஸ்6 411 இதில் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கிறது. மிச்சப் பணத்தில் நல்ல ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாங்கிவிட்டு, பல வருடத்துக்குப் பெட்ரோலும் போடலாம். மைலேஜ் இரண்டும் ஏறக்குறைய முப்பதை ஒட்டித்தான், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

411-தான் என்று முடிவு செய்கிறவர்கள் எந்த வருடம் என்பதில் கறாராக இருங்கள். 2020-ல் வந்த பிஎஸ்6-லிருந்துதான் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கிற வசதி உண்டு. மண்ரோட்டில் இறங்கும்போது அது வேண்டும். 2021-ல் சீட்டும் முன் கண்ணாடியும் பின் கேரியரும் மேம்பட்டன. டேங்க் ஓரத்து இரும்புச் சட்டத்தையும் உயரமானவர்களின் முட்டி இடிக்காதபடி சின்னதாக்கினார்கள். ஆகவே 2021-லிருந்து 2023-க்குள். பார்க்கப் போகும்போது மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓர் இடத்தில் 'டக்' என்று பிடித்தால் கோன் செட் (ஹேண்டில்பார் பேரிங்) போயிருக்கிறது. அதற்குக் காசைக் குறைத்துப் பேசலாம், வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், மந்தமாகச் சத்தம் வந்தால் தளர்ந்திருக்கிறது. லடாக் ஸ்டிக்கர் நிறைய ஒட்டியிருந்தால் அடிப்பக்கத்து பாஷ் பிளேட்டைக் குனிந்து பாருங்கள். பாகங்கள் கிடைக்குமா என்ற பயம் இப்போதைக்கு வேண்டாம். 2025-ல் வந்த ஸ்கிராம் 440-ல் இருப்பது இதே இன்ஜினின் சிலிண்டரை 81 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்திய வடிவம்தான், அந்தக் குடும்பம் 411-ஓடு நின்றுவிடவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா பையன், "ஆக, நீங்க பொள்ளாச்சியில இருக்கறதால பழசு, நான் சென்னையில இருக்கறதால புதுசு, அவ்வளவுதானுங்களா?" என்றான். ஆமாம் என்றேன். நான் நாளைக்கே சென்னைக்குக் குடிபோனால் 411-ஐ விற்றுவிட்டு 450 எடுப்பேன். அவன் போடியிலோ மேட்டுப்பாளையத்திலோ வேலை மாறினால் திருப்பி என்னிடம் வரட்டும், அப்போது வேறு பதில் சொல்வேன்.

ஆனால் புது வண்டி விலையைக் கேட்டு அக்கா சம்மதிக்கவில்லை. அதனால் இப்போது மூன்றாவது வழி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2024-ல் ஆசைப்பட்டு 450 எடுத்து, ஆபீசுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டிவிட்டு விற்கிறவர்கள் சென்னையில் நிறையப் பேர். வரி ஏறுவதற்கு முன் வாங்கிய வண்டிகள் என்பதால் விலையில் கொஞ்சம் வளைகிறார்கள். டியூப்லெஸ் வீல் இருக்கிறதா, கம்பெனி சர்வீஸ் ரசீதுகள் முழுதாக இருக்கிறதா, வாரண்டி எவ்வளவு நாள் மிச்சம், இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் நேரில் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வேளச்சேரியில் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறானாம். வீல் டியூப்தான். விற்கிறவர் விலையைக் குறைக்க மாட்டேன் என்கிறாராம். விட்டுவிடு, இன்னொன்று வரும் என்று சொல்லிவிட்டேன்.